எல்லாரும் கேட்பது லென்ஸைப் பற்றித்தான்

தாய்லாந்து போய்வந்ததிலிருந்து எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே கேள்வியோடுதான் வருகின்றன. "வெளிநாட்டுக்குப் பறவை பார்க்கப் போறோம்ண்ணா, எந்த லென்ஸ் எடுக்கலாம்?" ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரத்தில் பறவை பார்ப்பவர்கள் சின்னக் கூட்டம்தான். யார் எந்த ஏரிக்குப் போனார்கள், யாருக்கு என்ன தட்டுப்பட்டது என்பது அன்று மாலைக்குள் எல்லாருக்கும் தெரிந்துவிடும். சில வருடங்களாக இந்தக் கூட்டத்தில் வெளிநாட்டு ஆசை பரவியிருக்கிறது. பெங்களூருவின் எலக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு நெரிசலைத் தாண்டி தேவனஹள்ளி விமான நிலையம் போய்ச் சேர்ந்துவிட்டால், அங்கிருந்து பாங்காக் நாலு மணி நேரம்கூட இல்லை. கொழும்பு இன்னும் பக்கம். காசு சேர்த்துக் கிளம்புகிறார்கள். எனக்கு அதில் சந்தோஷம்தான். ஆனால் அத்தனை பேரும் லென்ஸை மட்டும் கேட்கிறார்கள். எந்த பைனாகுலர் என்று கேட்பவர் அபூர்வம். முக்காலி மேல் நிற்கும் தொலைநோக்கியான ஸ்கோப் எடுத்துப் போகலாமா என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை. இது என் மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. கேட்பவர்களுக்கு போனில் இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்க முடியாததால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் லென்ஸ்

கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் வேறு பேசுவது முறையில்லை. எந்த லென்ஸ் என்பது எந்த நாடு என்பதைப் பொறுத்தது. இன்னும் சரியாகச் சொன்னால், அந்த இடத்தின் வெளிச்சத்தையும், பறவை எவ்வளவு தூரத்தில் இருக்கும் என்பதையும், உங்கள் தோள் எவ்வளவு தாங்கும் என்பதையும் பொறுத்தது. கென்யாவின் மசாய் மாராவில் வெட்டவெளி, வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை. வண்டியை விட்டு இறங்க விடமாட்டார்கள். அங்கே 150-600 எம்எம் மாதிரி ஒரு ஜூம் (எண் கூடக் கூடப் பறவை பெரிதாகத் தெரியும்), ஜன்னலில் போட்டு லென்ஸைத் தாங்க வைக்க ஒரு பீன் பேக், இவை போதும். பீன் பேக்கை வெறும் பையாக மடித்துக் கொண்டுபோய் அங்கே அரிசியோ பயறோ வாங்கி நிரப்பிக்கொள்ளலாம், பெட்டியில் எடை மிச்சம். இலங்கையின் சிங்கராஜா நேர் எதிர். மழைக்காடு, காலை எட்டு மணிக்கும் உள்ளே மங்கலாகத்தான் இருக்கும். பலவகைப் பறவைகள் கலந்த கூட்டமாக வந்து, தலைக்கு மேலே இலைகளுக்குள் கொஞ்ச நேரம் சலசலத்துவிட்டுப் போய்விடும். அங்கே வெளிச்சத்தைக் குறைவாக உள்ளே விடும் எஃப் 11 லென்ஸை வைத்துக்கொண்டு தவிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கேனானின் ஆர்எஃப் 800 எஃப் 11 ஒன்றே கால் கிலோதான், விலையும் குறைவு, வெயிலில் அருமையான லென்ஸ். ஆனால் எஃப் 6.3-இல் கிடைக்கும் வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குதான் எஃப் 11-இல் உள்ளே வரும். வெளிச்சம் குறைவான காட்டில் அந்தக் கணக்கை எந்த கேமராவாலும் முழுதாக ஈடுகட்ட முடியாது.

தாய்லாந்தில் இன்னொரு விதம். கேங் கிராச்சான் தேசியப் பூங்கா அடங்கிய காட்டுத் தொகுதி 2021-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. பூங்காவின் எல்லைக்கு வெளியே உள்ள தோட்டங்களில் ஊர்க்காரர்கள் சிறு குட்டைகள் வெட்டி, எதிரே மறைவுக்குப் பச்சைத் துணி கட்டி, உள்ளே ஸ்டூல் போட்டு வைத்திருக்கிறார்கள். காசு கொடுத்து உட்கார வேண்டியதுதான். கவுதாரி இனங்கள், சிரிப்பான்கள், சைபீரியாவிலிருந்து வலசை வரும் நீல ராபின் எல்லாம் தண்ணீர் குடிக்க நாலைந்து மீட்டருக்குள் வந்து நிற்கும். அங்கே 600 எம்எம் பல நேரம் அதிகப்படி, பறவையின் வால் ஃப்ரேமுக்கு வெளியே போய்விடும். 100-400 இருந்தால் நிம்மதி.

எடையைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். சோனி 200-600 இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேல், நிகான் 200-500 இரண்டேகால் கிலோவைத் தாண்டும், சிக்மாவின் 150-600 கன்டெம்பரரி இரண்டு கிலோவுக்குச் சற்றுக் கீழே. கேனான் ஆர்எஃப் 100-500 ஒன்றரை கிலோ சுமாருக்கு அடங்குகிறது, அதன் விலையும் அந்தச் சுகத்துக்கு ஏற்றபடிதான். பெரும்பாலான விமானங்களில் கைப்பைக்கு 7 கிலோதான். லென்ஸை பெட்டியில் போட்டு அனுப்ப மனசு வராது, பேட்டரியும் பவர் பேங்க்கும் கைப்பையில்தான் இருக்க வேண்டும் என்பது விதி. ஆக 7 கிலோவுக்குள் எல்லாம் அடங்க வேண்டும். கிளம்பும்போதே விமான நிலையச் சுங்கப் பிரிவில் கேமரா, லென்ஸின் சீரியல் எண்ணைக் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது "இது அங்கே வாங்கினதா?" என்ற கேள்விக்கு அந்தத் தாள்தான் பதில். ஐந்து நிமிட வேலை, வரிசை இருந்தால் அரை மணி.

லென்ஸைப் பற்றி நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். சந்தையில் இன்று கிடைக்கும் எந்த 600 எம்எம் ஜூமும் நம் வேலைக்குப் போதுமானது. பறவையின் கண்ணைத் தானே தேடிக் குவியும் வசதி நடுத்தர விலை கேமராக்களுக்கே வந்துவிட்டது. இதற்கு மேல் வாரக்கணக்கில் ரிவ்யூ வீடியோ பார்ப்பது பறவை பார்க்கும் நேரத்தைத்தான் தின்னும்.

பாக் தாலே உப்பளத்தில்

நாங்கள் தாய்லாந்து போனதற்கு முக்கியக் காரணம் கேங் கிராச்சான் இல்லை. பெட்சபுரி மாகாணத்தில் கடலோரம் பாக் தாலே என்றொரு ஊர். முழுக்க உப்பளம். அங்கே பனிக்காலத்தில் ஸ்பூன்-பில்டு சாண்ட்பைப்பர் வருகிறது. கரண்டிமூக்கு உள்ளான் என்று நாங்கள் அழைத்துக்கொள்கிறோம். ரஷ்யாவின் வடகிழக்கு மூலையில் சுகோட்காவில் முட்டையிட்டு, மஞ்சள் கடலோரச் சேற்றுத் திட்டுகளில் இறங்கி இரை எடுத்து, தாய்லாந்து, மியான்மர், வங்கதேசக் கரைகளில் பனிக்காலத்தைக் கழிக்கும் சிறு பறவை. நம் ஊர் ஏரிகளுக்கு வரும் கொசு உள்ளானை விடக் கொஞ்சம்தான் பெரிது, 15 சென்டிமீட்டர் சுமார். மஞ்சள் கடலோரச் சேற்று நிலங்களைத் தூர்த்ததாலும், வலை வைத்துப் பிடித்ததாலும் உலகத்தில் மிஞ்சியிருப்பவை சில நூறுதான். மிக அபாயத்தில் உள்ள இனம் என்ற பட்டியலில் இருக்கிறது. தாய்லாந்தின் பறவைப் பாதுகாப்புச் சங்கம் பாக் தாலேயில் உப்பளத்தின் ஒரு பகுதியை விலைக்கு வாங்கி இவற்றுக்காகவே பராமரிக்கிறது.

என்னோடு ஓசூர் நண்பர்கள் இருவர், தருமபுரிப் பக்கம் அரசுப் பள்ளியில் அறிவியல் நடத்தும் ஆசிரியர் ஒருவர். ஆசிரியரிடம் கேமராவே கிடையாது, பழைய 8x42 (எட்டு மடங்கு, முன்வில்லை 42 மி.மீ.) பைனாகுலர் மட்டும். மற்ற எங்கள் மூவர் கையிலும் பெரிய லென்ஸ். விடிந்த கொஞ்ச நேரத்தில் பாத்திகளுக்கு நடுவே வரப்பில் போய் நின்றோம். கண்ணுக்கு எட்டிய வரை ஆழமில்லாத தண்ணீர், அதில் நூற்றுக்கணக்கில் உள்ளான்கள். பெரும்பாலானவை செங்கழுத்துக் கொசு உள்ளான்கள். பனிக்காலத்தில் கழுத்தில் சிவப்பு இருக்காது, எல்லாம் சாம்பலும் வெள்ளையும். நாங்கள் தேடி வந்ததும் அப்போது சாம்பலும் வெள்ளையும்தான். பக்கவாட்டில் பார்த்தால் அதன் மூக்கும் சாதாரண மூக்கு போலவே இருக்கும். நேருக்கு நேர் நம்மைப் பார்த்துத் திரும்பினால்தான் நுனியில் கரண்டி விரிந்திருப்பது தெரியும்.

பறவைகள் நூறு மீட்டருக்குக் குறையாமல் தள்ளி நின்றன. வரப்பை விட்டு இறங்கக் கூடாது. இறங்கினால் கூட்டமே எழும்பிவிடும், வலசைப் பறவைக்கு இரை எடுக்கும் நேரம் உயிர் மாதிரி. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 15 செ.மீ. பறவை, 100 மீட்டர் தூரம், 600 எம்எம் லென்ஸ். முழு ஃப்ரேம் சென்சாரில் விழும் பிம்பம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை, 0.9 மி.மீ. சென்சாரின் அகலம் 36 மி.மீ. 24 மெகாபிக்சல் கேமராவில் அந்தப் பறவை மொத்தமும் 150 பிக்சல் நீளம். கரண்டி ஒரு சென்டிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொண்டால் பத்துப் பிக்சல். அதுவும் காற்று அசையாமல் இருந்தால். எட்டரை மணிக்கே உப்புத்தண்ணீர் மேல் கானல் எழும்பி எல்லாம் நெளிய ஆரம்பித்துவிட்டது. கானலுக்கு முன்னால் இரண்டு லட்ச ரூபாய் லென்ஸும் நிகான் பி1000 என்ற பெரிய ஜூம் கேமராவும் ஒன்றுதான். 3000 எம்எம் வரை இழுத்தாலும் நெளிவுதான் பெரிதாகும்.

எங்கள் வழிகாட்டி அந்த ஊர்க்காரர். தோளில் இருந்த முக்காலியை இறக்கி, ஸ்கோப்பை நிறுத்தி, கூட்டத்தை இடமிருந்து வலமாக மெதுவாக ஓட்டிக்கொண்டே வந்தார். எவ்வளவோ நேரம். பிறகு கையை எடுத்துவிட்டு நகர்ந்து நின்று, பார் என்பதுபோல் ஆசிரியரைப் பார்த்துத் தலையசைத்தார். ஆசிரியர் குனிந்தார். "சார், எதுங்க சார்?" என்று நாங்கள் கேட்டதற்குப் பதிலே இல்லை. கொஞ்சம் கழித்து, "மத்ததெல்லாம் கொத்திக்கொத்தித் தின்னுதுங்க. இது ஒண்ணு மட்டும் மூக்கை எடுக்காம சேத்துல வச்சுத் தள்ளிட்டே நடக்குது" என்றார். அதற்குப் பிறகு, "திரும்புது... திரும்புது... கரண்டி தெரியுது!" என்று சத்தம் போட்டவர், உடனே வாயைப் பொத்திக்கொண்டு எங்களுக்கு இடம் விட்டார்.

என் முறை வந்தபோது அது நேராகத்தான் நின்றது. ஸ்கோப் 40 மடங்கில் இருந்தது. 100 மீட்டர் பறவை, இரண்டரை மீட்டரில் நிற்பதுபோல. கறுத்த மூக்கு, நுனியில் சாய்சதுரமாய் விரிந்த தட்டு, அதிலிருந்து ஒரு சொட்டுச் சேற்றுத் தண்ணீர் வழிந்து விழுந்தது. நெற்றியில் நல்ல வெள்ளை. தலையை இரண்டு பக்கமும் அசைத்துக்கொண்டே கரண்டியைத் தண்ணீருக்கடியில் தள்ளி, நின்று, விழுங்கி, மறுபடி தள்ளியது. கானலில் அதன் உருவம் நெளிந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் ஒரு படம் என்பது ஒரு நொடியின் நெளிவை அப்படியே உறைய வைத்துவிடுகிறது. கண்ணும் மூளையும் அப்படியில்லை. நெளிவுக்கு நடுவே தெளிவாகத் தெரியும் துணுக்குகளைச் சேர்த்துச் சேர்த்து ஒரு முழுப் பறவையை உண்டாக்கிவிடுகின்றன. அன்று அந்த வரப்பில்தான் இது எனக்கு விளங்கியது. பின்னால் பைக்கில் வந்த உப்பளத் தொழிலாளி ஒருவர் வண்டியை நிறுத்தி, அவரும் குனிந்து பார்த்து, சிரித்து, வழிகாட்டியிடம் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். ஐரோப்பாவிலிருந்து வந்திருந்த வயதான தம்பதியும் பார்த்தார்கள். ஒரே கண்ணாடி, ஒரே பறவை, அத்தனை பேர். என் லென்ஸில் விழுந்தது சாம்பல் புள்ளி ஒன்று. அதை அழிக்காமல் வைத்திருக்கிறேன், இடத்துக்கும் நாளுக்கும் அத்தாட்சி.

ஸ்கோப் என்றால் என்ன வாங்குவது

நம் ஊரில் இதைப் பார்த்தவர்களே குறைவு என்பதால் கொஞ்சம் விவரம். ஒற்றைக் குழல் தொலைநோக்கி, முக்காலி மேல் நிற்கும். 20 முதல் 60 மடங்கு வரை ஜூம் ஆகும் கண்வில்லை வழக்கமானது. முன்வில்லை 65 அல்லது 80 மி.மீ. சுமார். விமானத்தில் எடுத்துப் போக 65 போதும், ஏரிக்கரையில் விடியலிலும் அந்தியிலும் பார்க்க 80 நல்லது. நேராகப் பார்ப்பதை விடச் சாய்ந்த கண்வில்லை உள்ளதை வாங்குங்கள். குனிந்து பார்க்கலாம், உயரமானவரும் சிறு பிள்ளையும் முக்காலியை மாற்றாமலே பார்க்கலாம். 60 மடங்கு என்ற எண்ணுக்கு மயங்க வேண்டாம், 40-ஐத் தாண்டினாலே படம் இருட்டாகும், வெயில் ஏறிவிட்டால் 30-க்கு மேல் பயனில்லை. 30, 40 ஆயிரம் ரூபாயில் நம் தேவைக்குப் போதுமானவை கிடைக்கின்றன. ஒரு 200-600 லென்ஸ் ஒன்றரை லட்சத்தைத் தாண்டுகிறது. முக்காலியில் மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீர்கள், நடுங்கும் முக்காலியில் 40 மடங்கு என்பது 40 மடங்கு நடுக்கம்.

பைனாகுலரும் அப்படித்தான். 10x42 பெரிது என்று எல்லாரும் அதையே வாங்குகிறார்கள். 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25, 10-ஆல் வகுத்தால் 4.2. கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் விட்டம் அது, மில்லிமீட்டரில். விடியற்காலையில், சிங்கராஜா மாதிரி இருட்டுக் காட்டில், அந்த ஒரு மில்லிமீட்டர் பெரிய விஷயம். பார்வைப் பரப்பும் 8-இல் அகலம், கை நடுக்கமும் குறைவு. என் கருத்து 8x42. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பாரூர் ஏரிக்கரையில்

தாய்லாந்திலிருந்து வந்த பிறகு நாங்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு ஸ்கோப் வாங்கினோம். ஆசிரியர் வீட்டில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் சொல்லிவிட்டு எடுத்துப்போகலாம். கிருஷ்ணகிரி அணையின் நீர்ப்பரப்பிலும் கெலவரப்பள்ளியிலும் வாத்துகள் எப்போதும் நட்டநடுவில்தான் இருக்கும். இத்தனை வருடம் "வாத்துக் கூட்டம், இனம் தெரியவில்லை" என்றே இபேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் எழுதிவந்தோம். இப்போது ஊசிவால் வாத்து எத்தனை, நீலச்சிறகி எத்தனை, தட்டைவாயன் எத்தனை என்று பிரித்து எழுத முடிகிறது. 2015-லிருந்து தமிழ்நாட்டில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்கு இதைவிடப் பெரிய உதவி என்ன இருக்கிறது?

கடந்த பொங்கலுக்கு பாரூர் ஏரிக்கரையில் ஸ்கோப்பை நிறுத்தியிருந்தோம். ஆசிரியரின் பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். ஏழாவது படிக்கும் ஒரு பெண் நாமக்கோழியைப் பார்த்துவிட்டு, "சார், கண்ணு செவப்பா இருக்குது சார்! கோவமா இருக்குதா?" என்றாள். நாமம் போட்ட கறுப்புப் பறவை என்று அத்தனை வருடம் தூரத்தில் பார்த்தது, கண்ணோடு ஒரு உயிராகிவிட்டது அவளுக்கு. ஏரியைக் குத்தகைக்கு எடுத்து மீன் பிடிப்பவர்களில் ஒருவர் வலையைத் தோளில் போட்டபடி வந்தார். என் கேமராவைப் பார்த்திருந்தால் ஒதுங்கிப் போயிருப்பார். பத்திரிகைக்காரர், அதிகாரி என்று எதையாவது நினைத்துக்கொண்டு ஒதுங்குவதுதான் வழக்கம். அன்று அவரே வரிசையில் நின்று பார்த்தார். வக்கா ஒன்று நாணல் ஓரம் தூங்கிக்கொண்டிருந்தது. "இதுங்களா? ராத்திரி ஆனா 'வக் வக்'னு கத்திட்டுப் போவுங்க. பகல்ல அந்த மூலைக் கருவேல மரத்துல கூட்டமா உக்காந்திருக்கும், போய்ப் பாருங்க" என்றார். போய்ப் பார்த்தோம். அந்த மூலைக்கு நாங்கள் போனதே இல்லை. ஒரு மரம் முழுக்க வக்கா, இலைக்கு இலை.

லென்ஸ் வைத்திருக்கும்போது நாம் ஒருவர் மட்டும் பறவையைப் பார்க்கிறோம், மற்றவர்கள் நம்மைப் பார்க்கிறார்கள். ஸ்கோப்பை நிறுத்தினால் பக்கத்தில் ஆள் வந்து நிற்கிறார். அவருக்குத் தெரிந்தது நமக்கு வருகிறது. எனக்கு இது அழகான படத்தை விடப் பெரிது.

அதற்காக கேமராவே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். மஞ்சள் தொண்டைச் சின்னானை எடுத்துக்கொள்ளுங்கள். தென்னிந்தியாவின் பாறைக் குன்றுகளை விட்டால் உலகில் வேறெங்கும் இல்லாத பறவை. நந்தி மலையில் இருக்கிறது, நம் மேலகிரிச் சரிவுகளில் இருக்கிறது. பாறையும் முட்புதரும் கலந்த இடம்தான் அதற்கு வீடு. கிருஷ்ணகிரி கிரானைட்டுக்குப் பேர் போன மாவட்டம், கல் உடைக்கும் இடமும் அதே பாறைதான். ஒரு குன்றில் இந்தச் சின்னான் இருக்கிறது என்று நாளைக்கு எங்காவது சொல்ல வேண்டி வந்தால், "ஸ்கோப்பில் பார்த்தோம்" என்பது நிற்காது. தேதியோடு, இடத்தோடு, தொண்டையின் மஞ்சள் தெரியும் ஒரு படம் வேண்டும். சுமாரான படமே போதும். அந்த வேலைக்கு நானும் என் லென்ஸைத் தூக்கிக்கொண்டு அஞ்செட்டி ஏறுகிறேன். அது துள்ளிக்கொண்டே இருக்கும் பறவை, ஸ்கோப்பை நிறுத்துவதற்குள் பாறைக்குப் பின்னால் போய்விடும். சிங்கராஜா மாதிரி அடர்ந்த காட்டிலும் ஸ்கோப் பெரும்பாலும் பாரம்தான். ஏரி, உப்பளம், கடற்கரை, புல்வெளி, இவைதான் அதன் இடம்.

போன வாரம் ஓசூரிலிருந்து ஒரு தம்பி பேசினான். டிசம்பரில் கென்யா போகிறானாம், மசாய் மாரா, நைவாஷா, நகுரு. நகுருவில் நீர்மட்டம் ஏறிய பிறகு பூநாரைகளில் பெரும்பகுதி பொகோரியா ஏரிக்குப் போய்விட்டன, முடிந்தால் திட்டத்தில் பொகோரியாவையும் சேர் என்று சொன்னேன். இரண்டு லட்சம் ஒதுக்கியிருக்கிறான், முழுதும் லென்ஸுக்கு. பெங்களூருவில் லென்ஸ் வாடகைக்குக் கிடைக்கிறது, பயணத்துக்கு மட்டும் எடுத்துக்கொள், மிச்சத்தில் ஒரு நல்ல 8x42 வாங்கு, உள்ளூர் வழிகாட்டிக்கு இரண்டு நாள் கூடுதலாகக் கொடு என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "ஸ்கோப் வாங்கறதுக்கு இப்ப முடியாதுண்ணா. உங்க ஸ்கோப்பை இரவல் தர்றீங்களா?" என்று கேட்டான். ஆசிரியரிடம் பேசிவிட்டேன், தரலாம் என்று சொல்லிவிட்டார். ஒரே நிபந்தனை, பொங்கலுக்கு முன்னால் அது பாரூர் வந்து சேர வேண்டும்.